மாமியாருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை கட்ட வேண்டும், எல்லைக்கு 1.1 மீட்டர்தான் மிஞ்சுகிறது. ரிலாக்சேஷன் (விதித் தளர்வு) கிடைக்குமா?

பேவியூ மருமகள்

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வீடு சாட்ஸ்வர்த் பேவியூவில். அந்தக் காலத்தில் நகராட்சி கட்டிய கவுன்சில் வீடு, இரண்டு மாடி, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. கீழே ஹாலும் சமையலறையும், படுக்கையறையும் குளியலறையும் மேலே.

மாமியாருக்கு 74 வயது. மார்ச்சில் படியில் சறுக்கி இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் இனி மாடி ஏற முடியாது. இப்போது ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறோம், பக்கத்தில் ஒரு நாற்காலி, நடுவில் ஓட்டை வைத்தது, அதைச் சுற்றி என் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். பிள்ளைகள் டிவி பார்க்க வந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வீட்டை ஆண்ட மனுஷி. பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டின் திறந்த பக்கத்தில் சுவரிலிருந்து எல்லை வரை 4.9 மீட்டர் இருக்கிறது. அங்கே ஓர் அறையும் சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்புகிற மாதிரி ஒரு குளியலறையும் வேண்டும் என்றால் வெளி அளவு 3.8 மீட்டர் வருகிறது, மிச்சம் 1.1. எங்கள் ஜோனிங் சர்டிபிகேட்டில் (மனையில் எங்கே, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் சான்று) பக்கத்துக்கு 2 மீட்டர் விட வேண்டும் என்று இருக்கிறது. 2 மீட்டர் விட்டால் அறை உள்ளே 2.65-தான், கட்டில் போட்டபின் நாற்காலி திரும்பாது.

பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் ரிலாக்சேஷன் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுக் கையெழுத்து வேண்டும் என்கிறார். கட்டுகிறவரோ, "இந்த ரோட்டில் யாரக்கா பிளான் போட்டுக் கட்டினாங்க, டிசம்பர்ல எல்லாரும் லீவுல இருக்கும்போது மூணு வாரத்துல எழுப்பிடலாம்" என்கிறார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார்.

சிக்கல் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீட்டு அங்கிள். மூன்று வருஷம் முன்பு செப்டம்பர் 24, ஊரே பிராய் போடுகிற, அதாவது தணலில் கறி வாட்டுகிற, லீவு நாள், எங்களுக்குப் புரட்டாசி விரதம். அவர் எங்கள் சாமி வீட்டை, அதாவது முற்றத்துச் சின்னக் கோயிலை, ஒட்டிய வேலி ஓரமாக ஆட்டுக்கறி வாட்டினார். மாமியார் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என்னென்னவோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

என் கேள்விகள்: அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கதை முடிந்ததா? சாமி வீடும் கார் நிறுத்தும் கார்போர்ட்டும் பழைய பிளானில் இல்லை, அதைத் தோண்டுவார்களா? டாக்டர் கடிதம் வைத்தால் உதவுமா?

பென்சில் தாத்தா

தங்கச்சி, முப்பத்தைந்து வருஷம் பிளான் வரைந்தவன், இப்போது பேரன்களுக்குப் பட்டம்தான் வரைந்து கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், டீ போட்டுக்கொண்டு படி.

முதலில் ஒன்று. அங்கிள் கையெழுத்துப் போட்டால் அனுமதி வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, போடாவிட்டால் செத்தது என்றும் அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் ஜனங்கள் மாற்றி மாற்றி நம்பி ஏமாறுகிறார்கள். முடிவு எடுப்பது நகராட்சி. கையெழுத்து இருந்தால் வழி சுலபம். இல்லாவிட்டால் அவருக்கு முறைப்படி நோட்டீஸ் போகும், கெடுவுக்குள் அவர் ஆட்சேபம் எழுதலாம், அதில் நியாயம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். "எனக்கு அந்த வீட்டுக் கிழவியைப் பிடிக்காது" என்பது ஆட்சேபம் ஆகாது. வெளிச்சம் மறைக்கும், மழைத் தண்ணீர் என் பக்கம் விழும், ஜன்னல் என் படுக்கையறையைப் பார்க்கும், இதெல்லாம் ஆட்சேபம். பாதகமாக முடிவு வந்தால், தெரிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அப்பீல் போகலாம், 2013-ஆம் வருஷத்து ஸ்பிளூமா என்ற நிலப் பயன்பாட்டுச் சட்டம், 51-ஆம் பிரிவு. அது இரண்டு பக்கத்துக்கும் உண்டு, உனக்குச் சாதகமாக வந்தால் அங்கிளும் போகலாம், அதையும் நினைவில் வை.

அப்புறம், இதில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று ஜோனிங், அதாவது எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, மனையில் எத்தனை சதவீதம் கட்டலாம் என்பது. இன்னொன்று கட்டடப் பிளான், அது 1977-ஆம் வருஷத்து 103-ஆம் எண் சட்டம். ரிலாக்சேஷன் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளான் பாஸ் ஆகவேண்டும். 500 சதுர மீட்டருக்குக் கீழே என்றால், எல்லாக் காகிதமும் சரியாகப் போய்ச் சேர்ந்தபின் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். 'சரியாக' என்ற சொல்லில்தான் மாதங்கள் கரையும். பாஸ் ஆனபின் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதி.

அதனால் முதல் வேலை, பழைய பிளானின் நகல் எடு. அங்கிளிடம் போவதற்கும் முன்பாக. உன் வீட்டுப் பத்திரத்தையும் (டைட்டில் டீட்) எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படி. சில மனைகளில் கட்டுப்பாடு ஜோனிங்கில் இருக்காது, பத்திரத்திலேயே இருக்கும், அதை நீக்குவது வேறு விண்ணப்பம், வேறு செலவு, வீடு பாண்டில், அதாவது வங்கிக் கடனில், இருந்தால் வங்கியின் சம்மதமும் கேட்பார்கள். இன்னொன்று மலக்குழாய். நம் பக்கம் பல தெருக்களில் மெயின் சூவர் ரோட்டில் போகாது, வீடுகளுக்கு நடுவே, மனைகளின் உள்ளேயே போகும். நீ அறை கட்ட நினைக்கும் இடத்தில் மேன்ஹோல் மூடி ஏதாவது புல்லுக்கடியில் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்க் காலால் தட்டிப் பார். இருந்தால் 1.1 மீட்டரா 2 மீட்டரா என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

சாமி வீடு, கார்போர்ட்: ஆம், தோண்டுவார்கள். மனையில் நிற்பது எல்லாவற்றையும் சைட் பிளானில் வரைய வேண்டும், அவர்கள் வந்து பார்க்கும்போது வரையாத ஒன்று நின்றால் முழு ஃபைலும் திரும்பி வரும். பயப்படாதே, நாலு பக்கமும் திறந்த கார்போர்ட் 40 சதுர மீட்டர் வரை சின்ன வேலை என்ற கணக்கில் வரும், அதற்கு முழுப் பிளான் இல்லாமல் எழுத்து அனுமதி போதும். (கோழிக்கூட்டுக்கும் சட்டத்தில் கணக்கு உண்டு, 10 சதுர மீட்டர். சாமி வீட்டுக்கு எழுத மறந்துவிட்டார்கள்.) இதையும் சேர்த்தே வரையச் சொல்.

டாக்டர் கடிதம் வை, தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதே. அவர்கள் பார்ப்பது பக்கத்து மனைக்கு என்ன ஆகும் என்பதை. உன் மாமியார் நூறு வயசு இருக்கட்டும், அந்தச் சுவர் அதற்கப்புறமும் நிற்கும். கடிதத்தைவிட, ஏன் 2.65 போதாது என்பதை வரைபடத்தில் காட்டு: சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும், அந்த வட்டத்தைக் குளியலறைக்குள் வரையச் சொல். பத்து வரி எழுதுவதைவிட அந்த ஒரு வட்டம் பேசும்.

உன் டிராஃப்ட்ஸ்மேன் சாக்காப்பில் (பிளான் வரைகிறவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு செய்தவரா என்று கேள். எண்ணைக் கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம்.

பக்கி_ஓட்டி

எல்லாரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என் தெருவில் எண்ணிப் பார்த்தேன், அவுட்பில்டிங், அதாவது முற்றத்தில் தனியாகக் கட்டிய அறை, இல்லாத வீடு இரண்டுதான். அதில் ஒன்று காலி மனை மாதிரி. பாதிப் பேர் வாடகை வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் கட்டினால் அபராதம் நாளுக்கு 100 ராண்டுக்கு மேல் போகாது என்று அதே 1977 சட்டத்தில்தான் இருக்கிறது. கிழவி அடுத்த குளிர்காலத்தையும் ஹாலில் கழிக்க வேண்டுமா? கட்டுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விற்க முடியாதவன்

பக்கி அண்ணா, அந்த "அப்புறம்" எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

2009-ல் நான் பின்பக்கம் இரண்டு அறை, ஒரு ஷவர், பிளான் இல்லாமல் போட்டேன். நீங்கள் சொல்கிற மாதிரிதான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு வருஷம் வாடகை வந்தது. 2023-ல் மகளோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்கப் போட்டேன். 2022 பிப்ரவரியிலிருந்து விற்கிறவர் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டில் உள்ள குறை, சேர்த்துக் கட்டியதற்கு அனுமதி இருக்கிறதா, எல்லாம் அதில் உண்டு. பொய் எழுதக் கை வரவில்லை. வாங்க வந்தவருக்கு வீடு பிடித்தது, மனைவி திரைச்சீலைக்கு அளவுகூட எடுத்தார், அவருடைய வங்கி பாஸான பிளான் கேட்டது, அத்தோடு போனார்கள். அடுத்து வந்தவர் அந்த இரண்டு அறையையும் விலையில் கழித்துக் கேட்டார்.

சரி, இப்போது பிளான் போட்டுவிடலாம் என்று போனால், எழுப்பிய சுவரின் அஸ்திவாரம் எப்படி இருக்கிறது என்று இன்ஜினியர் சான்று வேண்டும். மூடிய அஸ்திவாரத்தை நானே கூலி கொடுத்துத் தோண்டிக் காட்டினேன். கட்டிக் கொடுத்தவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, பேப்பரில் 600 என்று சொன்னது மண்ணில் 350 மில்லிமீட்டர் ஆழம்தான் இருந்தது. மேல் வீட்டு மண்சரிவு 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ரோடு வரை வந்தபோது இந்தச் சுவர் நின்றது எந்தச் சாமி புண்ணியமோ. இன்னும் முடியவில்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அது நான்தான்.

பென்சில் தாத்தா

பக்கி தம்பி, 100 ராண்ட் என்பது 1977-ஆம் வருஷத்துக் காசு. பயப்பட வேண்டியது அபராதத்துக்கு அல்ல. அதே சட்டத்தில் 21-ஆம் பிரிவு இருக்கிறது, நகராட்சி மாஜிஸ்திரேட்டிடம் போய் இடிக்க உத்தரவு வாங்கலாம். கிழக்குக் கேப்பில் கென்டன்-ஆன்-சீ என்ற கடலோர ஊரில் ஒருவர் சரியான பிளான் இல்லாமல் பெரிய மாளிகை எழுப்பினார், வருஷக்கணக்கில் கோர்ட் ஏறினார், கடைசியில் 2013-ல் புளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இடிக்கச் சொன்ன உத்தரவு சரிதான் என்றது. முழு வீடு. 2016-ல் வந்த இன்னொரு தீர்ப்பில், தப்பாக இருக்கும் பகுதியை மட்டும் இடிக்கச் சொல்லலாம் என்றார்கள், அது ஓர் ஆறுதல். ஆனால் நம்ம தங்கச்சியின் விஷயத்தில் அந்தப் பகுதி என்பதே மாமியாரின் குளியலறைதான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். உங்கள் பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? அப்படியென்றால் புதுக் கூரையை அதோடு சேர்க்கும்போது கட்டுகிறவன் கிரைண்டர் வைத்து அறுக்க விடாதே. 2020 விதிப்படி அதற்குப் பதிவு பெற்றவர்கள்தான் வர வேண்டும், தூசி வீட்டுக்குள் போனால் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரைலண்ட்ஸ் அத்தை

கேப் டவுனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதற்கு டிபார்ச்சர் என்று பெயர், விஷயம் கிட்டத்தட்ட அதேதான். என் அண்ணன் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான், போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை சேர்க்க அலைந்தான், அங்கே வேரியன்ஸ் என்கிறார்கள். 200 அடிக்குள் உள்ள அத்தனை சொத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம், அப்புறம் போர்டு முன்னால் நின்று உனக்கு என்ன கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். கேள்வி என்னவென்றால், கஷ்டம் மனையினுடையதாக இருக்க வேண்டும். மனை குறுகலாக இருக்கிறது, கோணலாக இருக்கிறது, சரிவு, இப்படி. அம்மாவுக்கு முட்டி வலி, குடும்பம் பெருத்துவிட்டது, இதெல்லாம் அங்கே அந்தக் கணக்கில் சேராது. நீயாக வரவழைத்துக்கொண்ட கஷ்டமும் சேராது. அவன் மனையின் ஒரு மூலை வெட்டுப்பட்டது போல இருந்ததால் தப்பித்தான்.

அதனால் இணையத்தில் அமெரிக்காக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு "ஹார்ட்ஷிப்" என்று நாலு பக்கம் கண்ணீர் வடித்து விண்ணப்பம் எழுதாதே அம்மா. பென்சில் தாத்தா சொன்ன அந்த வட்டத்தை வரை.

அங்கிள் விஷயத்துக்கு ஒன்று. நோட்டீஸ் அவர் கைக்குப் போவதற்கு முன்னால் நீயே போ. தபால்காரனிடம் ரிஜிஸ்டர் கவர் வாங்கும்போதே மனுஷனுக்கு ரத்தம் ஏறிவிடும். வீட்டுக்காரரை அனுப்பாதே, ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வேலி ஓரம் நின்றால் பேச்சு எங்கே போகும் என்று உனக்கே தெரியும்.

பேவியூ மருமகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக விற்க முடியாதவன் அண்ணாவுக்கு, உங்கள் பதிவை வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டிசம்பர் பேச்சு நின்றது.

மேன்ஹோல் இல்லை, காலால் தட்டிப் பார்த்தேன், பழைய பிளானிலும் குழாய் பின்பக்கமாகத்தான் போகிறது. பத்திரத்திலும் தடை ஒன்றும் இல்லை என்று டிராஃப்ட்ஸ்மேன் சொன்னார். (பதிவு எண் கேட்டேன், கோபப்படவில்லை, கார்டை எடுத்து நீட்டினார்.)

அங்கிள். ஆடி மாதம் எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். மாமியார் ஹால் கட்டிலில் இருந்தபடியே, "அந்த ஆளுக்கும் ஒரு தூக்கு கொண்டு போ" என்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். சரி என்று கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் எடுத்துக்கொண்டு கையில் பிளானைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

அவர் கதவைத் திறந்து தூக்கைப் பார்த்துவிட்டு, "ஆயா எப்படி இருக்கு?" என்றார். அவ்வளவுதான், பிராயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிளானை அவர் சாப்பாட்டு மேஜையில் விரித்தோம், மூலை சுருளாமல் இருக்க உப்பு ஜாடியையும் அவர் பேரனின் கிரிக்கெட் பந்தையும் வைத்தார். அறைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது மூன்று. குளியலறை ஜன்னல் அவர் சமையலறையைப் பார்க்கிறது, அதைப் பின்பக்கம் மாற்ற முடியுமா. கூரைத் தண்ணீர் யார் பக்கம் போகும். மூன்றாவதுதான் எனக்குச் சுருக்கென்றது: "எல்லாரும் அவங்கவங்க பக்கம் பூசி பெயின்ட் அடிச்சுக்குவாங்க, என் பக்கம் வெறும் செங்கல்லா விட்டுடுவாங்க, நான் சாகிற வரைக்கும் அதப் பாத்துகிட்டு பாத்திரம் கழுவணும்." எங்கள் கட்டுகிறவரின் கொட்டேஷனைப் பார்த்தேன், உள்பக்கப் பூச்சு மட்டும்தான் இருந்தது. அவர் சொன்னது அப்படியே சரி.

ஜன்னலை மாற்றிவிட்டோம், அறையின் தரை அளவில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு வேண்டுமாம், பின்பக்கச் சுவரில் அது கிடைத்தது. மழைத் தண்ணீர்ப் பீலியை முன்பக்கம் எங்கள் வாசலுக்கே திருப்பியாயிற்று. அவர் பக்கப் பூச்சுக்கும் பெயின்டுக்கும் தனியாக விலை கேட்டேன். நிறம் அவர் சொல்வார். கையெழுத்து இன்னும் போடவில்லை, மகனிடம் காட்ட வேண்டும் என்றார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

தாத்தா, உங்களிடம் ஒரு கேள்வி. சாமி வீடு இப்போது புது அறை வருகிற இடத்திலேயே நிற்கிறது. அதை முன் மூலைக்கு மாற்றுகிறோம், ஆனால் ஆடி முடியாமல் கை வைக்கக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்கிறார். விண்ணப்பம் அதற்குள் போகவேண்டும். பிளானில் எந்த இடத்தில் காட்டுவது?

பென்சில் தாத்தா

இரண்டையும் காட்டு. சைட் பிளானில் புது வேலைக்குச் சிவப்பு, அதனால் அறையும் முன் மூலையில் புதுச் சாமி வீடும் சிவப்பு. எடுக்கப் போவது கறுப்புப் புள்ளிக்கோடு. இருக்கிறதை அப்படியே நிறமில்லாமல் விடு. பழையதை மறைத்துவிட்டு வரைந்தால் நாளைக்கு வந்து பார்க்கிறவன் கண்ணில் முதலில் அதுதான் படும். ஆவணியில் மாற்றிக்கொள், பாஸாகி வருவதற்கும் அதற்கும் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஜன்னல் மாற்றிய புதுத் தாளைக் கொண்டு போ, பழைய தாளில் கையெழுத்து வாங்காதே. கையெழுத்து இருக்கும் தாளும் நீ கொடுக்கும் தாளும் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னால் கட்டத்தை மாற்றினால் மறுபடி அவரிடம் போக வேண்டி வரும்.

பேவியூ மருமகள்

புதுத் தாள் வந்துவிட்டது. மாமியாரிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புக் கட்டத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். அப்புறம் புள்ளிக்கோட்டைக் காட்டி, "சாமிய ஏன் இப்படி ஓட்டை ஓட்டையா போட்டிருக்கான்?" என்று கேட்டார். ஞாயிறு பத்து மணிக்கு அங்கிள் வீட்டுக்குப் போகிறேன். மகனும் இருப்பாராம்.